தட்டும் விரலும் தானியங்கும் கருவியும்

ஒரே செயலைப் பன்முறை செய்தல் என்றால் யாது என்பதை மலையகத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கிள்ளி, கை நிறைந்ததும் முதுகிலுள்ள கூடையிற் போட்டு, மீண்டும் கிள்ளும் விரல்களாலேயே அட்டனும் தலவாக்கலையும் நுவரெலியாவும் உலகறிந்த ஊர்களாயின. அவ்விரல்களுக்கு உரியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று திறன்பேசியை ஏந்தியிருக்கின்றனர். காலம் மாறியும் விரலுக்கு ஓய்வு வந்தபாடில்லை. பாடக் குறிப்பைப் பெறுவதற்கும், படிவத்தை நிரப்புவதற்கும், ஒரே அறிவித்தலை நாற்பது பெற்றோருக்கு அனுப்புவதற்கும் கண்ணாடித் திரையை ஓயாது தட்ட வேண்டியிருக்கிறது.

இத்தட்டுதலைக் கருவியே தானாகச் செய்யும்படி அமைத்தல் கூடும். அவ்வாறு செய்து தருவோம் என்று கூறும் செயலிகள் பல வழங்குகின்றன. மாணவர் பலர் அவற்றைத் தேடி நிறுவுகின்றனர். அவை எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடத்துத் தகும், எவ்விடத்துத் தகா, அவற்றால் விளையக்கூடிய தீங்கு யாது என்பவற்றை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே அறிதல் நலம். அந்நோக்குடன் எழுந்ததே இக்கட்டுரை.

தேயிலைத் தொழிற்சாலை தரும் பாடம்

கையின் வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தல் நம் மலைகளுக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் அவருடைய பங்களாவே தொழிற்சாலையாகவும் அமைந்தது. விறாந்தையில் இட்ட மேசைகளின்மீது வாடிய கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரையுள்ள கையினால் அழுத்தி அழுத்தி உருட்டினர். 1872இல் டெயிலர் தனித் தொழிற்சாலை ஒன்றையும் உருட்டும் பொறி ஒன்றையும் அமைத்தார். பின்னர் வில்லியம் ஜாக்சன் ஆக்கிய உருட்டும் இயந்திரங்களும், சாமுவேல் டேவிட்சன் 1877இல் ஆக்கிய 'சிரோக்கோ' என்னும் உலர்த்தும் பொறியும் பரவின. மேசைமேல் உருட்டிய கைகள் ஓய்ந்தன.

ஆயினும் கொழுந்து போதிய அளவு வாடிற்றா, நொதித்தல் நிறைவெய்திற்றா என்று மணத்தாலும் நிறத்தாலும் அறிந்து முடிவு செய்யும் பொறுப்பு மனிதனிடமே நின்றது. அசைவு ஒரே தன்மைத்தாகிய இடத்தைப் பொறி ஏற்றது. ஆராய்ந்து தெளிய வேண்டிய இடத்தை அறிவு விட்டுக்கொடுக்கவில்லை.

கொழுந்து பறித்தலை நோக்குவோம். அதுவும் ஓயாத விரலசைவே. எனினும் உருட்டுதல் பொறிக்குப் போய் ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் உயர்மலைத் தேயிலையிற் பெரும்பகுதி இன்றும் கையாலேயே பறிக்கப்படுகிறது. காரணம் வெளிப்படை. ஒவ்வொரு கிள்ளலிலும் கண் ஒரு தேர்வைச் செய்கிறது. இது தளிர், இது முற்றல், இது அடுத்த சுற்றுக்கு விட வேண்டியது என்று நொடிக்குள் தெரிந்து, வேண்டியதை மட்டும் கை எடுக்கிறது. கத்தரி இயந்திரமோ ஒரு மட்டத்துக்கு மேலுள்ள அனைத்தையும் வெட்டும். தளிருடன் முற்றலும் காம்பும் கலக்கும்.

இவ்விரு தொழில்களும் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன. பாராமலே செய்யத்தக்க மீள்செயல் ஒன்று. பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய மீள்செயல் மற்றொன்று. முன்னையதைப் பொறியிடம் அச்சமின்றிக் கொடுக்கலாம். பின்னையதைக் கொடுக்குமுன் பலமுறை எண்ணுதல் வேண்டும். திரைத் தட்டுக்கும் இவ்வளவுகோல் பொருந்துமாற்றைக் கீழே காண்போம்.

கண்ணாடி விரலை அறியுமாறு

விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றிய முதற் கட்டுரைகளுள் ஒன்றை 1965இல் ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் வெளியிட்டார். அவர் இங்கிலாந்தின் மோல்வேண் நகரிலிருந்த அரச ரேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர். 2007இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் வெளிவந்தபின் அத்தகைய திரை உலகெங்கும் பரவியது.

இத்திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத கடத்திப் பொருளாலாகிய மெல்லிய கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. அவற்றில் எப்பொழுதும் சிறு மின்னேற்றம் நிலவும். மனித உடல் மின்னைக் கடத்துமாதலின், விரல் அணுகியவுடன் அவ்விடத்து மின்னேற்ற நிலை சிறிது மாறுகிறது. ஒரு சிறு சில்லு ஒவ்வொரு விநாடியும் பலபத்து முறை எல்லாக் கோடுகளையும் சோதித்து, மாற்றம் நிகழ்ந்த இடத்தைக் கண்டறிகிறது. திரை உணர்வது அழுத்தத்தையன்று என்பது இதனால் விளங்கும். நுவரெலியாக் குளிரில் கம்பளிக் கையுறையுடன் எவ்வளவு அழுத்தினும் திரை வாளாவிருப்பதும், அட்டன் தூறலில் நனைந்த திரை விரல் படாமலே தடுமாறுவதும் இக்காரணம் பற்றியே.

சில்லு கண்டறிந்ததைத் திறன்பேசியின் இயக்கு முறைமை ஒரு செய்தியாக மாற்றுகிறது. 'இன்ன இடத்தில் விரல் படிந்தது; இன்ன நேரத்தில் எடுபட்டது' என்பதே அச்செய்தி. இடம் இரண்டு எண்களாற் குறிக்கப்படும். 1080 புள்ளி அகலமும் 2400 புள்ளி உயரமும் கொண்ட திரையின் நடுப்புள்ளி 540, 1200 ஆகும். வங்கிச் செயலியாயினும் விளையாட்டாயினும் அது பெறுவது இச்செய்தியை மட்டுமே; விரலை அது ஒருபோதும் காண்பதில்லை. ஆகவே விரலின்றி இச்செய்தியைப் பிறப்பிக்க வல்லது எதுவோ, அது திரையைத் தட்ட வல்லதாகும். தானியங்கித் தட்டுதலின் மறைபொருள் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

நான்கு வழிகள்

அச்செய்தியைப் பிறப்பிக்க நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, புறத்தேயிருந்து தட்டும் கருவி. மின்கடத்தும் முனையுடைய சிறு கோலை மோட்டார் ஒன்று உயர்த்தித் தாழ்த்தும். வேறு சில, திரைமேல் ஒட்டிக்கொண்டு, அசைவின்றியே அவ்விடத்து மின்னேற்றத்தை மாற்றும். திறன்பேசி செய்யும் தொழிற்சாலைகளில், திரை நெடுங்காலம் உழைக்குமா என்று சோதிப்பதற்கு இயந்திர விரல்கள் இவ்வாறே அதனை ஓயாது தட்டுகின்றன.

இரண்டாவது, கணினியுடன் கம்பியால் இணைத்தல். அண்ட்ரொயிட் திறன்பேசிகளில் மென்பொருள் ஆக்குவோர்க்கென ஒரு வழி திறக்கப்பட்டுள்ளது. அவ்வழியே கணினியிலிருந்து 'இன்ன புள்ளியைத் தட்டுக' என்று கட்டளை எழுதியனுப்பலாம். 'குரங்கு' எனப் பெயரிய சோதனை நிரலும் அங்கு உண்டு. அது திரையைக் கண்டபடி தட்டும். அத்தட்டல்களைத் தாங்காத செயலி குலைந்து நிற்கும். ஆக்கியோன் குறையை அறிந்து திருத்துவான். இத்தகைய நிரலை 1983இலேயே அப்பிள் நிறுவனத்தில் ஸ்டீவ் கப்ஸ் என்பவர் மக்கின்டோஷ் கணினிக்காக எழுதி, அதற்குக் குரங்கென்றே பெயருமிட்டார்.

மூன்றாவது, திறன்பேசியின் உள்ளே நிறுவப்படும் செயலி. பொதுமக்கள் பெரிதும் நாடுவது இதனையே. 2016இல் வெளிவந்த அண்ட்ரொயிட் 7ஆம் பதிப்பில், 'அணுகல்தன்மைச் சேவை' என்னும் உரிமை பெற்ற செயலியானது விரலசைவுகளைத் தானே பிறப்பிக்க இடமளிக்கப்பட்டது. தானியங்கித் தட்டுச் செயலிகள் இவ்வுரிமையின்மேலேயே இயங்குகின்றன. பயன்படுத்துவோர் திரைமேல் ஒரு வட்டக்குறியை வேண்டிய இடத்தில் வைத்து, எத்துணை இடைவெளிக்கு ஒருமுறை, மொத்தம் எத்தனை முறை என்று குறித்துவிட்டாற் போதும். இடைவெளியை 100 மில்லிவிநாடி என வைத்தால் விநாடிக்கு 10, நிமிடத்துக்கு 600, மணிக்கு 36,000 தட்டுகள் நிகழும். எந்த விரலும் இதனோடு போட்டியிட இயலாது.

நான்காவது, இயக்கு முறைமையே தன்னகத்து வைத்திருக்கும் வசதி. ஐபோனில் ஒரு செயலி மற்றொரு செயலியின் திரையைத் தட்ட அப்பிள் நிறுவனம் இடந்தருவதில்லை. ஆனால் 2013 முதல் அதிலுள்ள 'ஆளிக் கட்டுப்பாடு' என்னும் வசதியில், ஒரே ஆளியை அழுத்துவதால் குறித்த அசைவொன்று நிகழுமாறு அமைக்கலாம். 2019இல் வந்த 'குரற் கட்டுப்பாடு' வழியாக, ஒருமுறை பதிந்து வைத்த விரலசைவை ஒரு சொல்லால் மீண்டும் நிகழ்த்தலாம்.

இது யாருக்காகப் பிறந்தது?

விளையாட்டில் வெல்வதற்காக இவ்வசதிகள் ஆக்கப்பட்டன என்று இளைஞர் எண்ணக்கூடும். உண்மை வேறு. கை நடுங்குவோர், விரல் இயங்காதோர், கண் தெரியாதோர் ஆகியோரும் திறன்பேசியை ஆளவேண்டும் என்பதற்காகவே இவை அமைந்தன. கழுத்துக்குக் கீழ் உணர்வற்ற ஒருவர், தலையருகே பொருத்திய ஒரே ஆளியைக் கொண்டு கடிதம் எழுதுகிறார். திரையிலுள்ள பொத்தான்களைக் கருவி ஒவ்வொன்றாகச் சுட்டிச் செல்லும். வேண்டியது வந்ததும் அவர் ஆளியை அழுத்துவார். அவருக்கு அவ்வொரு தட்டு உலகத்தோடு பேசும் வாயில்.

இம்மலரைப் படிக்கும் மூத்த பழைய மாணவர்கட்கும் இதிற் பயனுண்டு. முதுமையாற் கை நடுங்கும்போது ஒரு தட்டு இரண்டாகவும் மூன்றாகவும் பதிந்து, வேண்டாத இடம் திறந்துகொள்ளும். திறன்பேசிகள் பலவற்றில், அடுத்தடுத்து விழும் தட்டுகளைப் பொருட்படுத்தாமல் விடவும், விரல் சற்றுநேரம் நிலைத்தாலன்றி அதனைத் தட்டாகக் கொள்ளாதிருக்கவும் செய்யும் அமைப்புகள் உள. அமைப்புகளுள் 'அணுகல்தன்மை' என்னும் பகுதியைத் திறந்து தேடினால் அவை கிட்டும். வீட்டிலுள்ள பிள்ளைகள் பாட்டன் பாட்டிக்கு இதனைச் செய்து கொடுப்பது ஐந்து நிமிட வேலை. அதனால் அவர்கட்கு வரும் நிம்மதி பெரிது.

பாராத தட்டின் குறை

தானியங்கித் தட்டுச் செயலிகளிற் பெரும்பாலானவை இடத்தை மட்டும் அறிந்தவை. 540, 1200 என்னும் புள்ளியைத் தட்டுமாறு பணித்தால் அங்கே எது இருப்பினும் தட்டும். முதல் முறை அங்கிருந்தது 'அடுத்த பக்கம்' என்னும் பொத்தானாக இருக்கலாம். இடையில் விளம்பரமொன்று மேலெழுந்தால் அடுத்த தட்டு விளம்பரத்தின்மேல் விழும். 'வாங்குக' என்னும் பொத்தான் வந்து நின்றால் அதன்மேலும் விழும். இணைப்பு மெலிந்த மலைச்சரிவுகளிற் பக்கங்கள் தாமதித்துத் திறக்கும், கருவியோ காத்திராது. கத்தரி இயந்திரம் மட்டத்துக்கு மேலுள்ளதையெல்லாம் வெட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இடத்தை விட்டுப் பெயரைத் தேடித் தட்டும் செயலிகளும் உண்டு. 'சமர்ப்பிக்க' என்று எழுதிய பொத்தான் திரையில் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துத் தட்டுவன அவை. அவை ஓரளவு பார்க்கும் கண்ணுடையவை. ஆதலின் தவறு குறையும். ஆனால் அவ்வாறு பார்ப்பதற்காக அவை திரையிலுள்ள எழுத்துகளையெல்லாம் வாசிக்க உரிமை பெற வேண்டும். இதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

தட்டு வழியா, அளவா?

எங்குத் தானியக்கம் தகும் என்னும் வினாவுக்கு விடை காண ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். இங்குத் தட்டு ஒரு காரியத்தை அடைவதற்கான வழியா, அல்லது ஒருவருடைய முயற்சியையோ முறையையோ அளக்கும் அளவா?

நூறு புகைப்படங்களை ஒன்றொன்றாகத் தட்டி வேறோர் இடத்துக்கு மாற்றும்போது தட்டு வெறும் வழி. அதனைச் சுருக்கினால் எவருக்கும் இழப்பில்லை. பெருவிரல் அடியிலுள்ள தசைநார் வீங்காமலும் காக்கலாம். ஆனால் வரிசையில் நிற்பவர்க்கு இடம் பகிர்ந்து கொடுக்கும் பக்கத்தில் தட்டென்பது முறைக்கு அடையாளம். அங்கே பொறியை நிறுத்துபவர் வரிசையைக் குலைக்கிறார்.

இதற்கு வெகு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கண்டியிலிருந்து அட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக எல்ல நோக்கிச் சென்ற புகையிரதத்தின் இணையவழிச் சீட்டுகள் 42 விநாடிகளில் தீர்ந்துபோயின என்னும் செய்தி 2025 ஜனவரியில் நாடெங்கும் பேசப்பட்டது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. 42 விநாடி என்பது ஒரு பயணி தன் பெயரையும் அடையாள எண்ணையும் பிழையறத் தட்டி முடிப்பதற்கே போதாத காலம். அவ்வாறு முன்கூட்டிக் கைப்பற்றப்படும் சீட்டுகள் வெளியே பன்மடங்கு விலைக்கு விற்கப்படுங்கால், முறையாகக் காத்திருந்த பயணி வெறுங்கையோடு நிற்கிறார்.

தமிழகத்திலுள்ள நம் உறவினர்களும் இதே இடரை அறிவர். இந்திய இரயில்வேயின் 'தட்கல்' என்னும் அவசரச் சீட்டு, பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும் என்பது அங்கு நெடுநாளைய முறைப்பாடு. தாமே நிரப்பித் தாமே தட்டும் நிரல்கள் அங்குப் பெருகின. இதனைக் கட்டுப்படுத்தும் பொருட்டு, 2025 ஜூலை 1 முதல் ஆதார் அடையாளம் உறுதிசெய்யப்பட்டவர் மட்டுமே தட்கல் சீட்டை இணையவழி பெறலாம் என்றும், பதிவு திறந்த முதல் 30 நிமிடங்களில் முகவர்கள் பதிவு செய்யலாகாது என்றும் விதிக்கப்பட்டது. ஒரு சிலரின் பொறித் தட்டினால் கோடிக்கணக்கானோர் மேலும் ஒரு படியைத் தட்ட நேர்ந்தது.

பொறியைக் கண்டுபிடிப்பதும் அரிதன்று. மனித விரல் ஒருமுறை பட்ட இடத்தில் இம்மியும் பிசகாமல் மறுமுறை படாது. இரு தட்டுகளுக்கிடையே உள்ள காலமும் சிறிது கூடிக் குறையும். ஒரே புள்ளியில், ஒரே இடைவெளியில், நூறுமுறை தட்டு விழுமாயின் அது பொறியென்பது தெளிவு. 'நான் இயந்திரமல்லன்' என்று குறியிடச் சொல்லும் பெட்டிகள் அசைவுகளின் இயல்பையும் நோக்குகின்றன. பிடிபட்டவரின் கணக்கு முடக்கப்படும்.

தட்டையே கூலிக்கு அளவாக்கிய வேடிக்கையும் அண்மையில் நிகழ்ந்தது. 2024 ஜனவரியில் டெலிகிராம் செயலியில் 'நாட்காயின்' என்னும் விளையாட்டு தோன்றியது. திரையிலுள்ள நாணயப் படத்தைத் தட்டத் தட்ட எண்ணிக்கை ஏறும். அதனையொட்டி 'ஹாம்ஸ்டர் கொம்பட்' என்பதும் அவ்வாண்டு மார்ச்சில் வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இரவு பகலாகத் தட்டினர். பலர் தட்டுப் பொறிகளை நாடினர். முடிவில் வழங்கப்பட்ட மின்னாணயங்களின் விலை பின்னர்ப் பெரிதும் வீழ்ந்தது. கொழுந்து பறிப்பவர் நிறைக்கு நிற்கும்போது தராசில் ஏறுவது உண்மையான கொழுந்து, அதற்கு ஏலத்தில் விலையுண்டு, குடிப்பவருக்குச் சுவையுண்டு. எவருக்கும் பயன்படாத தட்டுக்குக் கூலி வருமென்றால் அக்கூலி எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. 'படத்தைத் தட்டினாற் பணம், விருப்பக்குறி இட்டாற் பணம்' என்று அழைத்து, முதலிற் சிறுதொகை கொடுத்து, பின் 'முன்பணம் இடுக' என்றும் 'மேலும் மூவரைச் சேர்க்க' என்றும் கேட்கும் சூழ்ச்சி அது. பிறரைச் சேர்ப்பதாலேயே பணம் பெருகுமெனும் பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்கிறது. சேர்ந்தவர் பணம் இழப்பதோடு, சேர்த்தவர் சட்டத்தின் பிடியிலும் சிக்குவார்.

திறவுகோலை யார் கையிற் கொடுப்பது?

இக்கட்டுரையில் பெற்றோர் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

தோட்டத்து வீடுகள் பலவற்றில் ஒரே திறன்பேசி அனைவர்க்கும் பொதுவாக உள்ளது. பிள்ளையின் பாடமும் அதில். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் குரலும் அதில். அவர் அனுப்பும் பணம் வந்து சேரும் வங்கிச் செயலியும் அதில். அத்தகைய கருவியில் பிள்ளை விளையாட்டுக்காக ஒரு தட்டுச் செயலியை நிறுவி, அது கேட்டபடி அணுகல்தன்மை உரிமையைக் கொடுத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எதைக் கொடுத்தான்?

அவ்வுரிமை பெற்ற செயலி திரையிலுள்ளதை வாசிக்கலாம். பயன்படுத்துபவர் செய்வதைக் கவனிக்கலாம். அவருக்காகத் தானே தட்டலாம். இம்மூன்றும் சேர்ந்தால் என்னாகும் என்பதைச் சிந்திக்க. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் திரையில் தோன்றும்போது அதனை வாசிக்க முடியும். பணம் அனுப்பும் பொத்தானைத் தட்ட முடியும். வங்கிப் பணத்தைக் களவாடும் தீநிரல்கள் பல, இவ்வொரே உரிமையைப் பெறுவதையே முதற் குறிக்கோளாகக் கொண்டுள்ளன. கை இயங்காதோருக்காகத் திறந்த வாயிலில் கள்வரும் நுழைகின்றனர்.

இது கண்டு கூகிள் நிறுவனம் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகக் கூட்டியது. 2022இல் வந்த அண்ட்ரொயிட் 13ஆம் பதிப்பு முதல், அங்கீகரிக்கப்பட்ட செயலிக் கடைக்கு வெளியிலிருந்து இறக்கி நிறுவும் செயலிகள் இவ்வுரிமையை எளிதிற் பெறாதவாறு தடை வைக்கப்பட்டது. ஆயினும் தடையை நீக்கும் வழியைக் கள்வரே படிப்படியாகச் சொல்லிக்கொடுத்து, உரிமையாளர் கையாலேயே நீக்கச் செய்கின்றனர். பூட்டு எத்துணை வலிதாயினும் திறவுகோலை நாமே நீட்டினால் அதனாற் பயனில்லை.

ஆகவே நான்கு நெறிகளைக் கைக்கொள்க. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் செயலிக் கோப்பை நிறுவாதீர். வங்கிச் செயலி உள்ள கருவியில் தட்டுச் செயலியை வைக்காதீர். தேவையேற்படின் வங்கித் தொடர்பற்ற பழைய கருவி ஒன்றைப் பயன்படுத்துக. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு உரிமை கொடுக்கப்பட்டுள்ளது என்று மாதம் ஒருமுறை பார்த்து, அறியாததை நிறுத்திவிடுக. கண்பார்வையற்றோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் 'டோக்பாக்' முதலியவை உரிமை பெற்றிருப்பது இயல்பு. மின்விளக்குச் செயலிக்கும் விளையாட்டுக்கும் அவ்வுரிமை எதற்கு?

தட்டாமலே முடிக்கும் வழி

மீண்டும் மீண்டும் தட்ட நேரும்போது, 'இதனை விரைந்து தட்டுவது எங்ஙனம்?' என்று கேட்பதினும், 'இத்தட்டு வேண்டியதுதானா?' என்று கேட்பது சிறந்தது. ஆராய்ந்தால் பெரும்பாலான தட்டுகள் வேண்டாதவையாகவே இருக்கும்.

ஒரே அறிவித்தலைப் பல பெற்றோருக்கு அனுப்பும் ஆசிரியர், வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றை அமைத்தால் 256 பேர் வரை ஒரே தட்டில் அனுப்பலாம்; ஒவ்வொருவருக்கும் அது தனிச்செய்தியாகவே சேரும். பெறுவோர் ஆசிரியரின் எண்ணைத் தம் கருவியிற் சேமித்திருத்தல் மட்டும் வேண்டும். பாடசாலை முகவரியையும் அடிக்கடி எழுதும் வாக்கியங்களையும் விசைப்பலகையின் சொந்த அகராதியில் ஈரெழுத்துக் குறுக்கமாகப் பதிந்து வைத்தால், இரண்டு தட்டில் முழு வாக்கியமும் தோன்றும். ஐபோனில் இதனையே 'உரை மாற்றீடு' என்பர். இவற்றுக்கு எந்த அந்நியச் செயலியும் வேண்டா. எவ்வுரிமையும் கொடுக்க வேண்டா.

தமிழைத் தட்டெழுதுவோர் இவ்வழியின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. தமிழெழுத்து 247, பழைய கைத்தொலைபேசியின் விசைகளோ பன்னிரண்டு. ஓர் எழுத்தைப் பெற ஒரே விசையைப் பலமுறை அழுத்தியதை இன்று நாற்பது வயதைக் கடந்தோர் மறந்திரார். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்ப வழி பிறந்தது. பின்னர் அது திறன்பேசிக்கும் வந்து, எழுதத் தொடங்கிய சொல்லை முன்னுணர்ந்து காட்டலாயிற்று. 2017இல் கூகிள் தமிழிலும் குரல்வழித் தட்டெழுத்தை அளித்தது. பேசினாற் சொல் திரையில் தோன்றுகிறது. விரலை விரைவாக இயக்குவது எப்படி என்று இவர்கள் ஆராயவில்லை. மொழியின் இயல்பை ஆராய்ந்தனர். தட்டு தானே குறைந்தது.

முடிவுரை

மாணவர்களே, பொறியைக் கண்டு அஞ்சுதல் வேண்டா; அதன் உள்ளியல்பை அறிக. கணினியோடு கம்பியால் இணைத்துத் திரையைத் தட்டும் கட்டளையை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறர் ஆக்கிய செயலிக்கு வீட்டின் திறவுகோலைக் கொடுப்பதினும், சொந்தமாகப் பத்து வரி நிரல் எழுதக் கற்பது மேலானது. அது பிழைப்புக்கும் வழியாகும். செயலிகளை இவ்வாறு சோதித்துப் பார்ப்பதே இன்று உலகெங்கும் ஊதியந்தரும் தொழிலாக உள்ளது.

பழைய மாணவர்களே, உங்களுட் பலர் பொறியியலிலும் கணினித் துறையிலும் வங்கியிலும் அலுவல் புரிகின்றீர்கள். ஆண்டுக்கொரு மாலைப்பொழுதைக் கல்லூரிக்கு ஒதுக்கி, மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இவ்வுரிமைகளைத் திறன்பேசியிலேயே தொட்டுக் காட்டுவீர்களாயின், தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் பல்லாண்டுச் சேமிப்பு காப்பாற்றப்படக்கூடும். கட்டடத்துக்குக் கல் கொடுப்பதற்கு அது எவ்வாற்றானும் குறைந்த தொண்டன்று.

உருட்டும் மேசையில் கை நோக உழைத்தோர் பொறி வந்தபோது வருந்தியிரார். மணத்தை அறியும் மூக்கையும் நிறத்தை அறியும் கண்ணையும் அவர்கள் பொறியிடம் ஒப்படைக்கவுமில்லை. விரலின் சுமையைக் கருவி சுமக்கட்டும். எதைத் தட்டுவது, எதைத் தட்டாது விடுவது என்னும் முடிவு நம்முடையதாகவே இருப்பதாக.